தார் றோட்டில் ஏறாத ஓவசியர்

இலங்கை முழுவதிலும் தார் றோட்டோடு கோபித்துக்கொண்டு வாழ்கிற ஒரே மனிதர் எங்கள் கிறவல் அண்ணைதான். உலகம் முழுவதிலும் என்றுதான் எழுத நினைத்தேன். விசாரித்துப் பார்க்க வசதியில்லாததால் இலங்கையோடு நிறுத்திக்கொள்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் முப்பத்திரண்டு வருடம் றோட்டு ஓவசியராக இருந்தவர். தீவுப்பகுதியில் பாதி றோட்டுக்குத் தார் ஊற்றியது அவருடைய மேற்பார்வையில்தான். பென்சன் எடுத்த மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துத் தார் போடாத கிறவல் ஒழுங்கையில் இறக்கினார். அதற்குப் பிறகு அவருடைய சைக்கிள் சில்லு தாரைத் தொட்டதில்லை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். வாக்காளர் இடாப்பில் தேடினால் கிடைக்கலாம். ஊர்காவற்றுறையிலிருந்து இறுப்பிட்டி வரைக்கும் அவர் கிறவல் அண்ணை. காரணம் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லுவார். தபாற்காரரிடம், தார்ச் சூட்டுக்கு ரயர் உருகுது என்றார். பாதிரியாரிடம், முழங்கால் நோவுக்குக் கிறவல்தான் நல்லது என்றார். எனக்குச் சொன்னது வேறு.

"தார் றோட்டிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு தம்பி? எல்லாம் நான் போட்டதுதானே."

நான் யாழ்ப்பாணம் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் ஊர்காவற்றுறையில் அக்கா வீட்டுக்குப் போய் நிற்கிற ஆள். அத்தான் காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் அக்கா தனி. மகன் கொழும்பில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, அம்மா வாங்கோ, வாங்கோ என்று கிழமைக்கு மூன்று தரம் போன் எடுப்பான். அக்காவுக்குப் போக விருப்பமில்லை. வீட்டில் மூன்று அறையை வெள்ளையடித்து, பழைய சைக்கிள் ஆறு வாங்கி நிறுத்தி, தீவு பார்க்க வருகிறவர்களுக்கு விடுதி என்று பலகை மாட்டினா. விடுதி ஓடினால் அக்கா ஊரில். ஓடாவிட்டால் கொழும்பில். மகனோடு பேசி முடித்த ஏற்பாடு அதுதான். அவவே ஒரு வருடத் தவணையும் கேட்டு வாங்கியிருந்தா.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். வாகனம் போகாத, தண்ணீர் ஓரமாகப் போகிற கிறவல் பாதை இருக்கிறதா? இருக்கிறது. எங்கள் தீவில் அதைவிட வேறு என்ன இருக்கிறது? ஒரு பக்கம் முழங்காலளவு ஆழத்தில் பரவைக்கடல், மறுபக்கம் பனை. கொஞ்சம் உள்ளே போனால் குளக்கட்டு, வயல், திரும்பவும் கடல். ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அக்கா வீட்டு வாசற்படிதான் வழியிலுள்ள பெரிய மேடு. ஆனால் சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்றே ஒரு மலைதான். அந்தப் பாதைகள் எங்கே பிரியும், எங்கே சேறாகும், எந்த இடத்தில் மழைக்குப் பிறகு கடலுக்குள் போய் முடியும் என்பதெல்லாம் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர். அவர் அப்போது அக்கா வீட்டு வாசற்படலைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அக்கா கூப்பிட்டா.

கிறவல் அண்ணை இரண்டு நிபந்தனை போட்டார். தாரில் ஏற மாட்டார். அவரை முந்தி ஒருவரும் போகக் கூடாது. சம்பளம் பற்றி வாயே திறக்கவில்லை. வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் போதும் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தூரம் கேட்டால் அவரிடம் இருந்தது ஒரே அளவுதான். "இன்னும் அரைக் கட்டை." கட்டை என்றால் மைல். காலை எட்டு மணிக்கும் அரைக் கட்டை, மத்தியானம் நாக்கு வறண்டு நிற்கும்போதும் அரைக் கட்டை. ஒரு முறை பிரான்ஸ்காரர் மூன்று பேரை நயினாதீவு வள்ளம் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். புங்குடுதீவுக்குப் போகிற கடற்பாலம் முழுக்கத் தார். வேறு வழி கிடையாது. மனிதர் பாலத்தின் தொடக்கத்தில் இறங்கி, சைக்கிளை ஓரக் கல்லில் வைத்துத் தள்ளத் தொடங்கினார். முந்தக் கூடாது என்பது சட்டமாதலால் பிரான்ஸ்காரர் மூவரும் இறங்கிப் பின்னால் தள்ளினார்கள். கடல் நடுவே நான்கு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்த பஸ்காரன், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து மெதுவாக ஒதுங்கிப் போனானாம். வள்ளம் இரண்டு போய்விட்டது. பிற்பாடு எத்தனையோ விஷயம் எனக்கு விளங்கியது. அந்தப் பாலத்தை ஏன் நடந்து கடந்தார் என்பது மட்டும் இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

இன்னொரு நாள், பாதைக்குக் குறுக்கே மீனவர்கள் வலை விரித்துக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார்கள். வலையைச் செருப்போடு தாண்டுவது அந்தக் கரையில் பெரிய குற்றம். எங்கள் ஆள் எல்லாரையும் சப்பாத்தைக் கழற்ற வைத்து, சைக்கிளைத் தலையில் தூக்க வைத்து, கடலுக்குள் இறக்கிச் சுற்றிக் கொண்டுபோனார். ஒரு அம்மா காலில் முள் ஏறித் துள்ளினா. கிறவல் அண்ணை திரும்பிப் பார்த்து, அரைக் கட்டைதான் என்றார்.

இதெல்லாம் பரவாயில்லை. என்னால் பொறுக்க முடியாதது அவருடைய மடக்குகள். கடலோரமாக நேராகப் போகிற அழகான பாதையை விட்டு, திடீரென்று ஒரு ஒழுங்கைக்குள் திரும்புவார். அங்கே கடலும் இல்லை, குளமும் இல்லை. ஒரு பழைய வீட்டுப் படலை இருக்கும். காலை ஊன்றி நின்று மணியை மூன்று தரம் அடிப்பார். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வரும். வந்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போவார். கரம்பொன்னுக்கும் சரவணைக்கும் இடையில் இப்படி ஏழு மடக்கு. கடற்கரை ஓரம், ஒரு காலத்தில் வள்ளமும் வலையும் வைத்து ஆள் நடத்திய பழைய சம்மாட்டியார் ஒருவர் தகர வாளியில் தட்டுவார். சரவணைக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிட்டையர் ரீச்சர் இருந்தா. எண்பதை எட்டிப் பிடிக்கிற வயது. அவவின் பதில் முழு ஒழுங்கைக்கும் கேட்கும்.

"ஓவசியர், நான் இன்னும் சாகேல்லை. நீர் போம்."

அந்த ஒழுங்கையை அகலமாக்கிய காலத்தில் ரீச்சரின் பூவரசம் வேலியை வெட்டினவர் எங்கள் ஆள்தான். அன்றிலிருந்து அவரைப் படலைக்கு உள்ளே விடுவதில்லை என்று கேள்வி. ஆகவே, போகிற வழியில் பழைய பகையாளிகளைச் சீண்டிவிட்டுப் போவது இவருடைய பொழுதுபோக்கு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். விருந்தாளிகள் கேட்டால், இது எங்கள் ஊர் வழக்கம் என்று சமாளிப்பேன். ஒரு குழு அதை நம்பி, ஒவ்வொரு படலைக்கும் தாங்களும் மணி அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனது.

அக்காவின் ஒரு வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கொழும்பிலிருந்து ஒரு சைக்கிள் சுற்றுலாக் கம்பனி போன் எடுத்தது. இரண்டு பேர் வந்து பாதையை ஓடிப் பார்ப்பார்கள். பிடித்தால் மாரி முடிந்தவுடன் குழு குழுவாக அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் அக்கா பெட்டி கட்ட வேண்டியதுதான். நான் ஒரு கடதாசியில் பாதையைக் கீறினேன். ஏழு மடக்கையும் வெட்டினேன். ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு, பன்னிரண்டரைக்கு அக்காவின் சாப்பாட்டு மேசை. கடதாசியைக் கிறவல் அண்ணையிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எல்லா மடக்கையும் வெட்டிப் போட்டீரோ?"

ஒரே ஒரு நாளைக்குத்தான் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கெஞ்சுகிற ஆள் இல்லை. அன்றைக்கு, எனக்காக அண்ணை, என்று சொன்னா. அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

சொன்ன நாளில் கம்பனியிலிருந்து டெனிஸ் என்றொரு கொழும்புத் தமிழரும் ஈவா என்றொரு டச்சுப் பெண்ணும் வந்தார்கள். டெனிஸின் கையில் ஒரு மணிக்கூடு. அவர் போகிற வழியையெல்லாம் அது கோடாகக் கீறிக்கொண்டே வருமாம். கிறவல் அண்ணை ஒன்பதுக்கு வரவேண்டியவர், பத்து நிமிடம் பிந்தி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டேன். சைக்கிளைத் திருப்பி எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார். நான் முதல் முறையாக அவர் மேல் கோபப்பட்டது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சவாரி அருமையாகப் போனது. காற்றே இல்லை. பரவைக்கடலில் பூநாரைகள் நின்றன. ஈவா இரண்டு தரம் நிறுத்திப் படம் எடுத்தா. டெனிஸ் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார். கிறவல் அண்ணை மட்டும் ஒரு அரைக் கட்டைகூடச் சொல்லவில்லை. சரவணைக் குளக்கட்டில் ஏறினோம். ரீச்சர் வீட்டு ஒழுங்கை பிரிகிற இடம் வந்ததும் அவர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"தம்பி, நீங்கள் நேரை போங்கோ. எனக்கு ஏலாது."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். முந்தக் கூடாது என்ற சட்டத்தைக் காலையில் சொல்லிக்கொடுத்திருந்தோமல்லவா, ஈவா அவருக்குப் பின்னால் திரும்பினா. ஈவாவுக்குப் பின்னால் டெனிஸ். கடைசியில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

படலையில் மணி மூன்று தரம் அடித்தார். சத்தம் இல்லை. இன்னொரு மூன்று தரம் அடித்தார். ஒரு சேவல் கூவியது. கிறவல் அண்ணை சைக்கிளை வேலியில் எறிந்துவிட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். பத்துப் பதினைந்து வருடமாக அவர் கால் வைக்காத வளவு அது.

ரீச்சர் குசினி நிலத்தில் கிடந்தா. தேத்தண்ணிக் கேத்தல் ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. இடுப்பு அசையவில்லை. முகம் வெளிறியிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. எங்களைக் கண்டதும் முதல் கேட்டது, ஓவசியரை உள்ளே வர யார் சொன்னது என்று. குரல் காற்றுப் போல இருந்தது.

"மறுமொழி வரேல்லை, ரீச்சர்," என்றார் கிறவல் அண்ணை.

"விடியவும் மணி கேட்டது. கத்தினனான். சத்தம் வெளியாலை வரேல்லை."

அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"நித்திரை எண்டு நினைச்சுப்போட்டுப் போட்டன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. என் கடதாசியில் மடக்கு இல்லாததால், மனிதர் விடியற்காலையிலேயே தனியாக ஏழு படலைக்கும் போய் வந்திருக்கிறார். ஆறு வீட்டில் பதில் வந்திருக்கிறது. ஏழாவது வீட்டில் வரவில்லை. வழக்கமான நேரமென்றால் அவர் பதில் வரும்வரை நகர்ந்திருக்க மாட்டார். நான் ஒன்பது மணி என்று கழுத்தைப் பிடித்திருந்தேன். பிள்ளைகள் கனடாவிலும் சுவிசிலும் இருக்க, தாங்கள் தனியாக இருக்கிற ஏழு பேரின் ஏழு வீடு. அதில் ஒன்றுகூடத் தார் றோட்டில் இல்லை. இத்தனை மாதம் பின்னால் சைக்கிள் ஓடியும் இது என் மண்டைக்குள் ஏறவில்லை.

அம்புலன்ஸ் பெரிய றோட்டு வரைக்கும் வரும் என்றார்கள். ஒழுங்கை மணலுக்குள் வராது. ரீச்சரைச் சாக்குக்கட்டிலில் ஏற்றினோம். முன்னுக்கு நானும் டெனிஸும், பின்னுக்கு ஈவாவும் கிறவல் அண்ணையும். வாசல் தாண்டுவதற்குள் ரீச்சர் எங்களை நிறுத்தினா.

"காலை முன்னுக்கு விட்டுக் கொண்டுபோறியள். அதுக்கு இன்னும் நாள் கிடக்கு. திருப்பிப் பிடியுங்கோ."

திருப்பிப் பிடித்தோம். டெனிஸ் மூச்சிரைக்க, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். கிறவல் அண்ணை அரைக் கட்டை என்றார். சரியாக அரைக் கட்டைதான் இருந்தது.

ரீச்சர் அவருடைய கையை விடவில்லை. ஆகவே அவரும் அம்புலன்ஸில் ஏறித் தார் றோட்டால் யாழ்ப்பாணம் போனார். சில்லு தன்னுடையது இல்லை என்பதால் அது கொள்கைக்கு விரோதமில்லை என்று பிற்பாடு விளக்கம் தந்தார். கதவைச் சாத்துவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

"விடிய சத்தம் குடுத்தவை இப்ப எப்பிடி இருக்கினமோ தெரியாது. மிச்ச ஆறு படலையையும் ஒருக்காப் பாரும்."

பார்த்தேன். டெனிஸும் ஈவாவும் பின்னால் வந்தார்கள். ஆறு ஒழுங்கைக்குள்ளும் போய், மணி அடித்து, சத்தம் வரும்வரை நின்று, திரும்பி வந்தோம். சம்மாட்டியார் வாளியில் தட்டியபோது என் நெஞ்சு ஆறியதை மறைக்க நான் ஒரு இருமல் இருமினேன். அக்காவின் பன்னிரண்டரைச் சாப்பாட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேரம் நாலு. விருந்தாளிகள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வாகனத்தில் ஏறினார்கள். அக்கா பீங்கான்களை அடுக்கிக்கொண்டே, என்னவாம் என்று கேட்டா. சரிவராது போலத்தான் கிடக்கு என்றேன்.

"ரீச்சர் உயிரோடை எல்லே? பேந்தென்ன," என்றா அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, அலுமாரிக்கு மேலே இருக்கிற பெரிய பெட்டியின் பூட்டுக்குத் திறப்பு எங்கே என்று கேட்டா.

மூன்றாம் கிழமை கம்பனியிடமிருந்து மறுமொழி வந்தது. பாதையை எடுத்துக்கொள்கிறார்களாம். கூடவே, தங்கள் ஆட்கள் போனில் பார்த்து ஓடுவதற்கான பாதைக் கோடு ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அக்காவும் நானும் திறந்து பார்த்தோம். கடலோரமாக வருகிற கோடு, நினைத்தாற்போல ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு படலையில் முட்டி, வந்த வழியே வெளியே வந்தது. ஏழு மடக்கும் அப்படியே இருந்தன. டெனிஸ் தவறுதலாக விட்டுவிட்டாரோ என்று நான் போன் எடுத்தேன். வெட்டலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன் என்றார். அக்கா குசினிக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவினா.

இப்போது காலம் நன்றாகத்தான் போகிறது. பெட்டி அலுமாரிக்கு மேலேயே இருக்கிறது. குழுக்கள் வருகின்றன, தனியாகவும் வருகிறார்கள். கிறவல் அண்ணை இல்லாத நாட்களில் போன் கோட்டை நம்பி ஓடுகிறவர்கள், எதற்கென்று தெரியாமலே ஒழுங்கைக்குள் போய்ப் படலையில் நின்று முழிப்பார்கள். ரீச்சர் இடுப்பில் இரும்பு வைத்துத் திரும்பி வந்துவிட்டா. படலைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, வருகிற வெள்ளைக்காரர்களின் ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்புகிறா. ஓவசியருக்கு உள்ளே வர அனுமதி உண்டு. வேலி விஷயம் இன்னும் தீரவில்லை.

ஒரு நாள் அக்கா போனில் அந்தப் பாதைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவ, கிறவல் அண்ணையின் வீடு இதில் எங்கே என்று கேட்டா. தேடினோம். இல்லை. அவரும் தனிதான். மனைவி காலமாகி ஒன்பது வருடம், மகள் கனடாவில். கரம்பொன்னில் ஒரு ஒழுங்கையின் கடைசி வீடு. ஊரில் தனியாக இருக்கிற எல்லாரையும் எண்ணியவர், தன்னை எண்ணவில்லை. அன்றைக்கே டெனிஸுக்கு எழுதினேன், எட்டாவதாக ஒரு மடக்குச் சேர்க்க வேண்டும் என்று. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். ஒரு ஓவசியர் இருக்கிறார் என்று எழுதினேன். அடுத்த கிழமை கோடு மாறிவிட்டது.

பத்து நாளில் கிறவல் அண்ணை அக்கா வீட்டுக்கு வந்து கதிரையில் உட்காராமலே சத்தம் போட்டார்.

"என்ரை படலையடியிலை நாளாந்தம் வெள்ளைக்காரர் வந்து நிக்கினம் தம்பி. அங்கை கடலும் இல்லை, குளமும் இல்லை. எந்த விசரன் கீறின றூட்டு உது?"

எனக்குத் தெரியாது அண்ணை என்றேன். அக்கா தேத்தண்ணி போட எழும்பிப் போனா. அந்தப் பைத்தியக்காரனை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். தபாற்காரரைக் கேட்டாயிற்று, பாதிரியாரைக் கேட்டாயிற்று, டெனிஸுக்குப் போன் எடுத்துக் கேட்டாயிற்று. இதை வாசிக்கிற யாரும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். இன்னும் கனகாலத்துக்கு அவர் தேடிக்கொண்டே இருக்கட்டும்.